சின்னக் குதிரையில் வந்த சந்தியாகப்பர்

என்னோடு அந்த ஆண்டுகளில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்கி வேர்த்துக் கொட்டிய பிள்ளைகளே, இப்போது நரைக்கு மை தடவிக்கொண்டு நாற்பதுதான் என்று சொல்லித் திரிகிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நான் அதை மறைப்பதில்லை. மறைக்க வேண்டிய எதையும் நான் சம்பாதிக்கவில்லை.

நீங்களெல்லாம் படித்தவர்கள். நான் தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆறாவது வரை தமிழ் படித்தேன். இங்கே ஹைஸ்கூலைப் பாதியில் விட்டுவிட்டு மீன் கடையில் செதில் உரிக்கப் போனேன். எழுத்தில் பிழை இருந்தால் ஆறாவதோடு என்னைப் பிடுங்கி விமானத்தில் ஏற்றியவர்களைக் கேளுங்கள். ஆனால் ஒன்று. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு தமிழர் வீட்டில் சீலா மீன் பொரிகிறது என்றால், சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பீர்களே அதுதான், அது என் கடையிலிருந்து போனதாகத்தான் இருக்கும். இரண்டு கடை, ஒரு குளிர்ப்பெட்டி லாரி, என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் டிகிரி முடித்தவர்களும் உண்டு.

பீத்தல் என்பீர்கள். பீத்தல்தான். எங்கள் குடும்பத்தில் நகை நட்டு கிடையாது, பீத்தல்தான் சொத்து. அப்பாவிடமிருந்து வந்தது. அவருடைய ஒரு பீத்தல் எங்கள் வீட்டின் ஒரு கோடையையே எப்படி விழுங்கியது, அதில் எனக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது விசா வந்தது அம்மாவுக்குத்தான். அப்பாவும் நானும் அம்மாவின் பெட்டிகளோடு பெட்டியாக வந்து பேர்லேண்டில் ஒரு வாடகை வீட்டில் இறங்கினோம். தூத்துக்குடியில் அப்பா ஓடாவி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தோணி கட்டுகிற தச்சருக்கு அதுதான் பேர். கடற்கரையில் அவர் நடந்து வந்தால், "ஓடாவி வாராவ" என்று உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கொள்வார்கள். இங்கே அவருக்குக் கிடைத்தது படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் தேய்ப்பு வேலை. எல்லாம் கண்ணாடி இழைப் படகுகள். மருந்துக்குக்கூட மரம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை முழுக்க அரிக்கும்.

அந்த அரிப்பைவிட இன்னொன்று அவரை அதிகமாக அரித்தது. மாதம் ஒருமுறை நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு அமெரிக்கக் கோயிலின் ஹாலில் கூடுவோமே, அங்கே டாக்டர், என்ஜினியர், எண்ணெய்க் கம்பெனி அதிகாரி என்று ஆளாளுக்கு ஒரு பேர் இருந்தது. அப்பாவுக்கு இருந்த பேர் "நர்ஸ் ஆன்ட்டி ஹஸ்பண்ட்". குழந்தைகள் நீங்கள்கூட அப்படித்தான் சொன்னீர்கள். காரில் திரும்பும்போது அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "எம் பேருகூட வேண்டாம்ட்டி. ஓடாவின்னு ஒரு மனுசன் கூப்பிட்டா போதும்."

அந்த வருடம் சந்தியாகப்பர் திருநாளை இங்கேயே கொண்டாடலாம் என்று பேச்சு வந்தது. யாக்கோபு அப்போஸ்தலரைத்தான் எங்கள் கடற்கரையில் அப்படிச் சொல்வோம், ஊரில் அவர் குதிரைமேல்தான் வருவார். எங்கள் கடற்கரைக் குடும்பங்கள் ஐந்தாறு இருந்தன, அவர்கள் கேட்டார்கள். அந்தக் கோயிலில் ஒரு சந்தியாகப்பர் சுரூபம் இருந்தது. சுண்ணாம்பில் செய்தது. கையில் கோல், தோளில் பை, காலில் செருப்பு. குதிரை இல்லை.

அப்பா எழுந்துவிட்டார். "குதிரை இல்லாம சந்தியாகப்பரா? பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரில்லா இருக்காவ!"

ஹால் சிரித்தது. சங்கத் தலைவர் இதய டாக்டர், நாங்கள் டாக்டர் அங்கிள் என்போம். அவர் சென்னைக்காரர். "சார், பாயின்ட் கரெக்ட். ஆனா ஊர்லேந்து ஆர்டர் பண்ணா ஷிப்பிங், கஸ்டம்ஸ், எல்லாம் லேட் ஆயிடும். யார் அரேஞ்ச் பண்றது?"

"நான் செஞ்சு கொண்டாருதேன்."

"நீங்களா? சார், இது ஸ்டேச்சு. போட்டுக்கு பேட்ச் ஒர்க் பண்ற மாதிரி இல்ல."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். "ஜூலை திருநாளுக்கு சந்தியாகப்பர் குதிரையோட வருவாவ. வரலன்னா நான் இந்த ஹாலுக்குள்ள கால் வைக்கல."

காரில் அம்மா வாயைத் திறந்தாள். "நல்லா இருக்கு. ஒங்களுக்கு மனுச முகம் செதுக்கத் தெரியுமா?"

"மரத்துக்கு முகம் என்ன, முதுகு என்ன? மரம் மரந்தான்."

மரம் மரந்தான் இல்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய கட்டைகளை ஒட்டி அப்பா செய்த குதிரையை அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "கெடா நல்லாத்தான் இருக்கு. திருநாள் முடிஞ்சதும் பிரியாணி போட்ரலாம்." அப்பா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. கிடாய்க்கு நான் ஒரு பேர் வைத்து பார்பி பொம்மையை அதன்மேல் ஏற்றி ஓட்டினேன்.

அம்மாவுடைய வார்டில் ஒரு நைஜீரிய நர்ஸ் வேலை பார்த்தார். நான் அவரை வார்டு ஆன்ட்டி என்பேன். அம்மா தன் பாட்டை அவரிடம் புலம்பியிருக்கிறாள். குதிரை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் கையிலிருந்த பேஷன்ட் சார்ட்டைக் கீழே வைத்துவிட்டாராம். "குதிரைக்காரனா? என் வீட்டுக்காரருக்கு அதுதானே வேலை! அவர் ஊரிலே ராஜாவுக்கே மரத்தில் குதிரைக்காரன் செதுக்கிக் கொடுத்த குடும்பம் அது." அந்த வீட்டுக்காரர் அம்மாவின் ஆஸ்பத்திரி பார்க்கிங் வாசலில் சீருடை போட்டு நிற்கும் செக்யூரிட்டி. அம்மா தினமும் அவரைத் தாண்டித்தான் காரை ஓட்டிப் போயிருக்கிறாள்.

ஹூஸ்டனின் தென்மேற்கு மூலையில் அவர்கள் வீடு. அடுத்த சனிக்கிழமையே போனோம். அப்பாவுக்கு ஆங்கிலம் துறைமுக ஆங்கிலம்தான், அதனால் வாய்க்கு என்னையும் கூட்டிப்போனார். கதவைத் திறந்தவர் ஆன்ட்டியின் வீட்டுக்காரர். குட்டையாக, தூண் மாதிரி உடம்பு, வெற்றுக் கால். நாங்கள் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அந்த மனிதர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அப்பாவுக்கு நேராக நீட்டினார்.

"இந்தக் கைக்கு முன்னாடி என் அப்பா கை. அதுக்கு முன்னாடி அவர் அப்பா கை. எகிட்டி பக்கம் எங்க ஊர் அரண்மனைத் தூணிலே நாங்க செதுக்கின குதிரைக்காரங்க நிக்கறாங்க. அவங்களைப் பார்த்து மழையே ஒதுங்கிப் போகும்." ஆங்கிலத்தில்தான் சொன்னார். தம் நாட்டு ராகத்தில் இழுத்து இழுத்துச் சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் அப்பா. சொன்னேன். அப்பா முதுகை நிமிர்த்தினார். "அப்படியா? நான் கட்டுன தோணியில ஏறுன எலி, எறங்க மனசில்லாம கொழும்பு வரைக்கும் போச்சுன்னு சொல்லு."

சொன்னேன். அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பதிலுக்கு அவருடைய தாத்தா செய்த மரக்கோழியைப் பார்த்து ஊர்ச் சேவல்கள் சண்டை போட்ட கதையைச் சொன்னார். அப்பா அதற்கும் ஒன்று வைத்திருந்தார். அன்று முழுக்க நான் மொழிபெயர்த்தது பீத்தல் தவிர வேறில்லை. இரண்டு வேலைக்காரர்கள் அறிமுகம் செய்துகொள்ள அதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் "மேஸ்திரி". எனக்கும் அப்படியே.

பிறகு பேச்சு இல்லை. மேஸ்திரி தன் வாச்சியை எடுத்தார். கொத்திச் செதுக்குகிற அந்தக் கருவிதான் அவர்களுக்கு எல்லாம். கிளை பிரியும் இடத்தில் முழங்கை மாதிரி வளைந்த கட்டைதான் பிடி. இரும்பு, லாரி ஸ்பிரிங்கை அவர் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. அப்பா கார் டிக்கியைத் திறந்து தன் தூத்துக்குடி வாச்சியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவுக்கு வரும்போது அம்மாவின் பட்டுப்புடவைக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது அது. இருவரும் மாற்றிக்கொண்டு, முன்கை மயிரில் கூர் பார்த்து, தலையை ஆட்டினார்கள்.

கூலிப் பேச்சை ஆன்ட்டியும் அம்மாவுமே முடித்துக்கொண்டார்கள். அந்தக் கோடை முழுக்க ஆன்ட்டியின் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை அம்மா பார்க்க வேண்டும். எங்கள் சந்தியாகப்பருக்கு அம்மா கொடுத்தது தன் ஞாயிறுகளை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் புயலுக்குச் சாய்ந்த ஒரு மக்னோலியா மரத்தின் அடித்துண்டை மேஸ்திரி கராஜில் உருட்டி வைத்திருந்தார். வெட்டிய இடத்தில் எலுமிச்சையும் மிளகும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. தொட்டால் ஈரம். வேலை தொடங்கும்முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு பீர் டின்னைத் திறந்து வாச்சியின் இரும்பில் கொஞ்சம் தெளித்தார். அம்மா முகம் சுருங்கியது. "சிலுவை எனக்கு. இது இரும்புக்கு. அதுக்கும் தாகம் எடுக்கும் சிஸ்டர்," என்றார் அவர்.

அப்பாவுக்குப் பிரச்சினை பீர் அல்ல. "ஏட்டி, மரம் பச்சையால்லா இருக்கு! காயாத மரத்துல எவனாவது கை வைப்பானா?"

"காஞ்ச மரம் கிழவன் மாதிரி. எதைச் சொன்னாலும் கேட்காது," என்று பதில் வந்தது.

முதலில் பார்த்தபோது மூன்று உருண்டைகள்தான். தலை, உடம்பு, குதிரை. அடுத்த வாரம் உருண்டைகளுக்குள்ளிருந்து கை கால்கள் பிதுங்கின. மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, மரத்தை வெற்றுக் காலால் திருப்பித் திருப்பி, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி கொத்துவார். ஈரச் செதில்கள் என் முழங்காலில் வந்து ஒட்டும், மீன் செதில் மாதிரி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நனைத்த சாக்கைப் போர்த்தி, அதன்மேல் மஞ்சள் வாத்துப் படம் போட்ட பழைய ஷவர் திரையால் சுற்றிக் கட்டுவார். உள்ளே ஆன்ட்டி தக்காளியும் மிளகாயும் அரைத்துவிட்டுச் சோறு கிளறுவார். அந்தக் காரமும் மரவாசனையும் சேர்ந்து கராஜில் நிற்கும். இப்போதும் என் கடை வாசலில் எங்காவது மரம் அறுத்தால் எனக்குப் பசிக்கும்.

இதற்குள் செய்தி பரவி, நம் சங்கத்து ஆன்ட்டி ஒருவர் அம்மாவுக்கு போன் செய்தார். "அவங்கல்லாம் மாஸ்க் செய்யறவங்களாமே? பிளாக் மேஜிக் ஏதாவது ஆயிடப் போகுது. பசங்க வேற இருக்காங்க." அம்மா சொன்னாள்: "அவிய நம்மள விட அதிகமா ஜெபமாலை சொல்லுதாவ. நீங்க கடைசியா எப்ப சொன்னீங்க?" அந்த ஆன்ட்டி கெட்டவர் இல்லை. டிவியில் காட்டியதை வைத்துக்கொண்டு பயந்தார். அன்றைக்கு நம் பெரியவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் சண்டை வந்தது. உருவம் தெளிந்துவிட்டது. சந்தியாகப்பருக்குப் பெரிய தலை, பெரிய கண், அகலத் தோள். அவர் உட்கார்ந்திருந்த குதிரை நாய்க்குட்டி அளவு. சந்தியாகப்பரின் கால் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது.

அப்பா பதறிவிட்டார். "குதிரை பத்தாதுன்னு சொல்லு. டாக்டர் கேலி பண்ணியே கொன்னுருவாரு."

மேஸ்திரி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "திருநாள் யாருக்கு? குதிரைக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்குத்தான்."

"அப்ப ஆள்தான் பெரிசா இருக்கணும். யார் முக்கியமோ அவங்களுக்குத்தான் மரம். தலையிலேதான் ஒருத்தனோட விதி இருக்கு, அதனால தலைக்கு இன்னும் கொஞ்சம். மிச்சத்திலே குதிரை பிழைச்சுக்கட்டும்."

நான் சொன்னேன். அம்மா அன்று ஷிப்டு முடிந்து எங்களை அழைத்துப்போக வந்திருந்தாள். சுரூபத்துக்கு முன்னால் குனிந்து நின்று பார்த்தாள். "கும்புடுதவன் குதிரையவா பாப்பான்?" என்றாள். வழக்கு முடிந்தது.

கடைசியாகத்தான் கண். கத்தி நுனியால் இமையின் வரம்பை இழுத்து முடித்ததும் அதுவரை மரமாக இருந்தது எங்களைப் பார்த்தது. தலைமுடிக்கு அவர் ஒரு நீலப் பொடியைக் குழைத்துத் தடவினார். அம்மா அதைத் தொட்டு மோந்து, "துணிக்குப் போடுத நீலம்லா இது!" என்று கத்தினாள். அவர்கள் ஊரிலும் அதே நீலம்தான், அதே மாதிரிப் பொட்டலத்தில்தான். அம்மாவும் ஆன்ட்டியும் ஒருவரை ஒருவர் அடித்து அடித்துச் சிரித்தார்கள். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. வெகுதூரம் வந்த பிறகு தெரிந்த முகத்தைப் பார்த்தவர்களின் சிரிப்பு அது.

"இங்கேயே நிழலில் இருக்கட்டும். சாக்கோடு இருக்கட்டும். திருநாள் காலையில் நானே வேனில் கொண்டுவருவேன்," என்று மேஸ்திரி சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. டாக்டர் அங்கிளை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். திருநாளுக்கு முந்தின வாரம், மேஸ்திரி டூட்டியில் இருந்த நேரம் பார்த்து யார்டு முதலாளியின் பிக்கப்பையும் யார்டு ஆட்கள் நாலு பேரையும் இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சுரூபத்தைத் தூக்கி வந்துவிட்டார். ஆன்ட்டி தடுத்துப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால் உள்ளே கை வைக்க வைக்க ஈரம். "இப்படியே வச்சா பூஞ்சை பிடிச்சிரும்," என்று பின்புறம் புல்வெளியில், டெக்ஸாஸ் ஜூலை வெயிலில், துணி காயப்போடுகிற மாதிரி நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்க உள்ளே வந்தார்.

மத்தியானம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

நெற்றியில் தொடங்கி, மூக்கை ஒட்டி, கன்னம், கழுத்து, மார்பு வரை பிளந்திருந்தது. என் விரல் உள்ளே போனது.

அப்பா முட்டாள் அல்ல. இதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அவர் வாழ்நாளெல்லாம் புழங்கியது அறுத்த பலகை. பலகைக்கு வெயில் நண்பன். நடுத்தண்டோடு இருக்கிற முழு மரம் வேறு பிறவி, மேல்பக்கம் காய்ந்து சுருங்கும்போது உள்பக்கம் இடம் கொடுக்காது, பிளந்துதான் ஆகும். அந்த வித்தியாசம் அவர் கைக்குத் தெரிய வாய்ப்பே வந்ததில்லை.

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஹாலுக்குப் போவேன்? ஊருக்கே போயிருவோமாட்டி? அங்கனாவது நான் ஓடாவி." என்னிடம்தான் கேட்டார். அப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்தாள். வெள்ளை ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் நடந்து வந்து, வார்டில் காயத்தைப் பார்க்கிற அதே கண்ணோடு பிளவைப் பார்த்தாள். "ப்ளீடிங் இல்ல. தையல் போட்ரலாம். எந்திரிங்க," என்று சொல்லிவிட்டு போன் செய்யப் போனாள்.

மறுநாள் காலை மேஸ்திரியும் ஆன்ட்டியும் வந்தார்கள். மேஸ்திரி அப்பாவைப் பார்க்கவே இல்லை. சுரூபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து அதனிடம் தன் மொழியில் ஏதோ பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாகிட்ட சொல்லு. மரத்துக்குள்ளே இருந்த தண்ணி மெதுவா வெளியே வரேன்னு சொல்லிட்டிருந்தது. இவன் கதவை உடைச்சுட்டான்."

"நான் முட்டாப்பயன்னு சொல்லு அவருட்ட."

சொன்னேன். மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "முட்டாள் இல்லே. அவசரக்காரன். முட்டாளா இருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்."

புதிதாகச் செதுக்க நேரமில்லை. அவர்கள் ஊரில் இப்படிப் பிளந்தால் யாரும் தூக்கிப் போட மாட்டார்களாம். கொல்லரைக் கூப்பிட்டு இரும்புக் கொண்டிகளால் தைப்பார்கள். தைத்த சுரூபத்துக்கு வீட்டில் மதிப்புக் கூடும், கஷ்டப்பட்டு எங்களோடு இருந்தவர் என்று. மேஸ்திரி இறுக்கிக் கட்டக் கயிறை எடுத்தார். அப்போதுதான் அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"இறுக்கக் கூடாதுன்னு சொல்லு. இறுக்குனா நாளைக்கு வேற எடத்துல பொளக்கும். மரம் இன்னும் நடமாடும். அதுக்கு எடம் கொடுக்கணும். கலப்பத்து போடணும்."

கலப்பத்து என்பது தோணிப் பலகைகளின் இடுக்கை அடைக்கிற வேலை. அந்த வார்த்தையை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. அப்பா சொல்லிக்கொண்டிருக்கவில்லை, செய்தே காட்டினார். பஞ்சைத் திரித்தார். தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த தகர டப்பாவிலிருந்து குங்கிலியப் பிசினை எடுத்துப் பொடித்து, எண்ணெயில் போட்டு, அம்மாவின் குழம்புச் சட்டியில் காய்ச்சினார். தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா தோட்டக் குழாயோடு ஓடிவந்தார். அந்த டப்பாவும் கலப்பத்துச் சுத்தியலும் வீடு மாறியபோது எங்கோ தொலைந்தன. அந்த வாசனை மட்டும் எனக்கு மனப்பாடம்.

முதுகுப் பக்கம் மேஸ்திரி செம்புத் தகட்டில் கொண்டி வளைத்து, அசைவுக்கு இடம் விட்டுத் தைத்தார். முகத்துப் பக்கம் அப்பா பஞ்சுத் திரியை வைத்து டொக் டொக்கென்று இறக்கி, மேலே குங்கிலியத்தை ஊற்றினார். நடுவில் ஒரு கட்டத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் கவனிக்கவே இல்லை. முடித்தபோது நெற்றியிலிருந்து மார்பு வரை தேன் நிறத்தில் ஒரு கோடு. மேஸ்திரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், அப்பாவின் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். மன்னித்த அடி.

திருநாள் அன்று சந்தியாகப்பரை ஹால் வாசலில் இறக்கியதும் கூட்டம் சுற்றி வந்து பார்த்தது. பிறகு டாக்டர் அங்கிள் மகன், "டாட், ஒய் இஸ் த ஹார்ஸ் சோ டைனி?" என்றான். அப்பா தொண்டையைக் கனைத்தார். "திருநாள் குதிரைக்கில்ல தம்பி, ஆளுக்கு." அதைத் தன் சொந்த யோசனை மாதிரியே சொன்னார்.

சப்பரம் தூக்க வேண்டும். டாக்டரும் என்ஜினியர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பச்சை மரத்தின் கனம் அவர்களுக்குத் தெரியாது. முதல் தடவை சப்பரம் அசையவில்லை. இரண்டாம் தடவை ஒரு முதுகு பிடித்துக்கொண்டது. அம்மா முந்தானையைச் செருகினாள். வார்டு ஆன்ட்டியைப் பார்த்தாள். வந்திருந்த இரண்டு மலையாளி நர்ஸ்களைப் பார்த்தாள். "பேஷன்ட்ட தூக்குத மாதிரிதான். முழங்கால மடக்குங்க, முதுக வளைக்காதீங்க. ஆன் த்ரீ." தூக்கிவிட்டார்கள். நம் ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு மீதி இடங்களில் தோள் கொடுத்தார்கள். கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சந்தியாகப்பர் அசைந்து அசைந்து வந்தார். அப்பாவும் மேஸ்திரியும் பின்னால் வந்தார்கள். மேஸ்திரி ஊதா நிறத்தில் தரையைக் கூட்டுகிற அங்கி போட்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் டாக்டர் அங்கிள் மைக்கைப் பிடித்தார். அவர் மனசு நிறைந்துதான் பேசினார், பொய்யில்லை. "ஃப்ரெண்ட்ஸ், அன்னிக்கு நான் கொஞ்சம் கிண்டல் பண்ணிட்டேன். ஐ டேக் இட் பேக். தன் கையாலேயே இவ்வளவு அழகா செஞ்சு கொடுத்த நம்ம..." என்று நிறுத்தி, அப்பாவின் பக்கம் குனிந்து, "உங்களை ஊர்ல எப்படி சார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

அப்பா ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹால் முழுக்கக் கை தட்டக் காத்திருந்தது. மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது.

அப்பா மைக்கை வாங்கினார். "செஞ்சது நானில்ல. நான் ஒரு குதிரை செஞ்சேன், அது கெடா மாதிரி இருந்திச்சு. செஞ்சது இவரு." மேஸ்திரியின் பேரைச் சொன்னார். அவர் அப்பா பேர், தாத்தா பேர், ஊர்ப் பேர் எல்லாம் சொன்னார். அந்தக் கோடை முழுக்க வாயில் உருட்டிப் பழகியிருப்பார் போல, ஒன்றும் தடுமாறவில்லை. "வெயில்ல வச்சு ஒடச்சது நான். அடைச்சது நாங்க ரெண்டு பேரும். அம்புட்டுத்தான்." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஸ்திரிக்குத் தன் குடும்பத்தின் பேர்கள் மட்டும் காதில் விழுந்திருக்கின்றன. எழுந்து நின்று கும்பிட்டார். கைதட்டல் அவருக்குத்தான் போனது. அப்பா தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வார்டு ஆன்ட்டி என்னை இழுத்தார். "உங்கப்பா என்ன சொன்னார்?" சொன்னேன். "உங்கப்பா ஊர் எது? அவர் அப்பாவுக்கு என்ன வேலை? இவருக்கு என்ன வேலைப் பேர்? சீக்கிரம் சொல்லு, சரியா சொல்லு." சொன்னேன். ஒவ்வொன்றையும் என் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார். இன்றைக்கும் நான் எந்தப் படகுக்காரனிடமும் விலை பேசுவதற்கு முன்னால் அவன் ஊரையும் அவன் அப்பன் தொழிலையும் கேட்பேன். எனக்கு மீன் முதலில் வந்து சேர்வதற்கு அதுதான் காரணம். எந்தக் காலேஜும் கொடுக்காத அந்தப் பாடத்துக்கு நான் அந்த ஆன்ட்டிக்கு நன்றி சொல்லாத திருநாள் இல்லை.

அவர்கள் ஊரில் வேலை செய்த ஆளை அவர் வீட்டுப் பெண்கள் பாடிப் புகழ வேண்டும். தன்னைத் தானே புகழ்ந்தால் பாதிதான், அடுத்தவர் வாயால் வந்தால்தான் முழுசு. ஆன்ட்டி ஹால் நடுவில் போய் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்து, எடுத்தார் பாருங்கள் ஒரு குரல். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் அருவி மாதிரி கொட்டியது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவர் அப்பா பேர் வந்தது, தாத்தா பேர் வந்தது, அவர்கள் ஊர் வந்தது. அது வரைக்கும் எங்களுக்கும் தெரிந்தது. முடியப்போகிறது என்று பிரியாணியின் பக்கம் ஆட்கள் நகர்ந்தார்கள்.

முடியவில்லை. ஆன்ட்டி அப்படியே திரும்பி, அப்பாவைப் பார்த்து இன்னும் உரக்கத் தொடங்கினார். ஒன்றும் புரியாத அந்த மொழிக்குள்ளே, வெள்ளத்தில் தெரிந்த கட்டை மிதந்து வருகிற மாதிரி, "தூத்துக்குடி" என்று வந்தது. ஹால் திரும்பிப் பார்த்தது. இன்னும் இரண்டு வரி. பிறகு இரண்டு கையையும் விரித்து, "ஓடாவி!" என்றார். மறுபடியும், "ஓடாவி!" எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் யாரோ ஒருவர் அதைத் திருப்பிச் சொன்னார். அப்புறம் இன்னொருவர். டாக்டர் அங்கிளும் சொன்னார், கொஞ்சம் தப்பாக.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அம்மா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க," என்றாள்.

"எம் பேரு வருதுட்டி," என்றார் அப்பா. "உக்காந்துக்கிட்டா கேக்கச் சொல்லுத?"